வாழ்ந்த டிஸ்க்

என் அக்காவின் படத்துக்குக் கீழே "அடையாளம் தெரியாத முதியவர்" என்று எங்கள் வீட்டு லேப்டாப் எழுதியது. அன்றைக்கே அதைத் தூக்கி வாசலில் எறிந்திருப்பேன். எறியாததற்குக் காரணம் பொறுமை அல்ல. அதற்குள் எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி பாட்டு இருந்தது.

பூவாடைக்காரி என்றால் என்ன என்று கேட்கிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். என் பேத்தி மிதுனாவுக்கு நிச்சயமான வீட்டில், சம்பந்தி குலசேகரே கேட்டார். வட ஆற்காட்டுக் குடும்பங்களில், கல்யாணத்துக்கு முன்னால், அந்த வீட்டில் வாழ்ந்து மறைந்த பெண்களைக் கிணற்றடியிலிருந்து அழைத்து வருவார்கள். எங்கள் வீட்டு முறை இன்னும் கறாரானது. வீட்டின் மூத்த பெண் ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லி, குணம் சொல்லி, பாடி அழைப்பாள். அழைக்கப்பட்டவள் வயிற்று வழியிலோ, சோறு போட்ட கை வழியிலோ வளர்ந்த ஒரு பெண் "வந்துட்டா" என்று சொல்லிக் கலசத்தில் ஒரு கை பூப் போட வேண்டும். எல்லோரும் வந்தால்தான் கலசம் வீட்டுக்குள் வரும். கலசம் வந்தால்தான் தாலி.

ஆண்கள் கிணற்றுக்கு முதுகைக் காட்டித் தள்ளி நிற்க வேண்டும். பாட்டு காதில் விழக் கூடாது. விழாமலிருக்கத்தான் அந்த நேரத்தில் தவிலை அடித்து நொறுக்கச் சொல்வது. என் அப்பா அப்படி நின்றார், நான் நின்றேன், என் மகன் திலீபன் நின்றான். எண்பத்தொரு வயதில் எனக்கு அந்தப் பாட்டின் ஒரு வரிகூடத் தெரியாது என்பதை நான் ஒரு தகுதியாகவே கருதுகிறேன்.

இதையெல்லாம் சம்பந்திக்கு விளக்கிவிட்டு, "உங்க பக்கம் பொம்பளைங்க செத்தா செத்ததுதான் போல" என்றும் சொன்னேன். அவர் சிரித்து மழுப்பினார். மழுப்பத்தானே முடியும்.

பாட்டைக் கடைசியாக அறிந்தவள் என் அக்கா கமலவேணி. போன ஐப்பசியில் போய்விட்டாள். போவதற்கு முன்னால் என் மருமகள் சாருலதா அவளை உட்கார வைத்து லேப்டாப்பில் பாட வைத்தாள். நகல் வேண்டாம் என்று தடுத்தவன் நான். எங்கள் வீட்டுப் பெண்களின் பெயர்கள் எவனோ ஒரு கம்பெனியின் கிடங்கில் கிடக்கக் கூடாது. கைபேசியில் இருந்தால் பேருந்தில் தொலையும். ஒரு வீடு, ஒரு பாட்டு, ஒரு பெட்டி. இதில் என்ன தவறு?

பெட்டி செத்துக்கொண்டிருந்தது. அதுதான் தவறு.

"அப்பா, டிஸ்க் போயிட்டிருக்குப்பா" என்றான் திலீபன். "அத்தை குரல்ல அங்கங்க ஓட்டை விழுது. சாரு கேட்டுட்டு அழறா."

"அழுதா டிஸ்க் சரியாயிடுமா? கடைக்கு எடுத்துக்கிட்டு வா" என்றேன்.

*

வேலூர் லாங்கு பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் தயாளன் என்பவனின் கடை. கையிலிருந்த பஜ்ஜியைக் கீழே வைக்காமலே அவன் எங்கள் லேப்டாப்பைத் திறந்தான். நாற்பது ஆண்டுகள் அரசு வழக்கறிஞராக இருந்து, கொலைகாரர்களைக்கூடக் கைகட்டி நிற்க வைத்தவன் நான். இவன் எண்ணெய் விரலால் என் குடும்பத்தைத் தொட்டான்.

"எந்தக் காலத்து டிஸ்க்கு சார் இது! அடிப்படலமே உரிஞ்சி போச்சு."

"புதுசு மாத்து. அதுக்குத்தானே கடை வெச்சிருக்க?"

அவன் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. இரக்கம் எனக்குப் பழக்கமில்லை.

"சார், ஹார்டு டிஸ்க்குன்னு பேருதான் பழசு. உள்ள இருக்கறது வேற. உங்க வீட்ல 'அத எங்க வெச்சே'ன்னு ஒருத்தர் கேட்டா, எதுன்னு வீட்டு ஆளுக்குத் தெரியும் இல்ல? வெளியாளுக்குத் தெரியாது. டிஸ்க்கும் அப்படித்தான். உங்க வீட்ல எப்படிப் பேசுவீங்க, யாரு யாரைத் திட்டுவீங்க, எதுக்குச் சிரிப்பீங்க, எல்லாத்தையும் கேட்டுகினே இருந்து கத்துக்கும். கத்துகினத மறுபடி எழுதாது. தெரியாததத்தான் எழுதும். அதனாலதான் நகத்தளவு எடத்துல ஒரு குடும்பமே அடங்குது."

"நல்லது. பிறகு?"

"இப்ப அது கத்துகினது அழிஞ்சிகினு இருக்கு. எழுதினது மட்டும் தனியா நின்னா வெறும் கிறுக்கல். காலி டிஸ்க் போட்டீங்கன்னா அது உங்க வீட்டைக் கத்துக்கவே வருஷங்கணக்கா ஆவும். அதுக்குள்ள இது செத்துடும்."

"அப்ப என்னதான் வழி?"

"பொது டிஸ்க்குன்னு ஒண்ணு கீது. ஊரு பேசறத எல்லாம் கத்துகினது. ஒரு துண்டு மட்டும் போட்டுக் காட்டட்டா?"

காட்டினான். பாட்டை அல்ல, அதை நான் கேட்க மாட்டேன். அக்கா என் பிறந்த நாளுக்குப் பேசியதில் ஒரு துண்டு. என் அக்கா எனக்கு வாழ்த்துச் சொன்னால், "டேய் தேசிங்கு, இன்னும் எத்தினி வருஷம்டா எங்க உசுர வாங்குவ" என்றுதான் தொடங்கும். பொது டிஸ்க் ஓட்டைகளை நிரப்பிக்கொண்டு அக்கா குரலிலேயே பேசியது: "அன்பான தம்பிக்கு இனிய நல்வாழ்த்துகள். உங்கள் ஒவ்வொரு நாளும் புன்னகையுடன் மலரட்டும்."

"நிறுத்து" என்றேன். பற்பசை விற்கிறவள் பேச்சு அது. என் அக்கா வாழ்நாளில் ஒரு தடவைகூட மலர்ந்ததில்லை.

தயாளன் மிச்ச பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். கல்யாணத் தரகன் அடுத்த ஜாதகத்தை எடுக்கும்போது அப்படித்தான் குரலைத் தாழ்த்துவான்.

"அப்ப ஒரே வழி, வாழ்ந்த டிஸ்க். வேற ஒரு குடும்பத்துல வாழ்ந்தது. உங்க வீட்டுப் பேச்சோட ஒத்துப்போற குடும்பமா இருந்தா, உங்களுது விட்ட எடத்தை அது பிடிச்சிக்கும். ஆனா ஒண்ணு, உங்க வீட்டுக்கு வந்ததும் அந்த வீட்ட மறந்துடும். பழைய வாடை கொஞ்ச காலம் இருக்கும், அவ்ளோதான்."

"கொடுக்கிற வீட்டுக்கு?"

"அவங்களுக்குக் காலி டிஸ்க். மறுபடி மொதல்லேர்ந்து."

தன் வீட்டுப் பேச்சையே கழற்றி விற்கிற குடும்பம் எப்படிப்பட்டதாக இருக்கும்? இருந்தாலும் வேறு வழியில்லை. வரப்போவது எங்கள் வீட்டில் குடியிருக்கப்போகிறது. ஆகவே சம்பந்தம் பேசுவதுபோலவே விசாரித்தேன்.

"குடும்பம் நல்ல குடும்பமா இருக்கணும்."

"கலெக்டர் வீட்டு டிஸ்க்கே ஒண்ணு கீது சார். ரிட்டயர்டு. பசங்க வெளிநாட்டுல. வீட்ல சத்தமே கிடையாதாம்."

"அதைப் போடு."

போட்டான். முப்பத்தெட்டு விழுக்காடு பொருத்தம் என்றது திரை. அக்கா பேசியதில் "டேய்" என்பதெல்லாம் காணாமல் போய், ஓட்டை இருந்த இடமெல்லாம் நாகரிகமான மௌனம் நிரம்பியிருந்தது.

"கலெக்டர் வீட்ல யாரும் யாரோடயும் பேசல போல" என்றான் தயாளன்.

"கலெக்டர் வீட்டோட பொருந்தலன்னா உன் மிஷின் பழுது" என்றேன்.

அவன் அந்த டிஸ்க்கைக் கழற்றினான். அக்கா குரலில் ஒரு சிட்டிகை எடுத்து, பதிவு செய்து வைத்திருக்கிற குடும்பங்களுக்கெல்லாம் அனுப்பிப் பார்ப்பதாகவும், பொருத்தம் வந்தால் அழைப்பதாகவும் சொன்னான். மறுநாளே அழைத்தான்.

"தொண்ணூத்தி மூணு, சார்! என் சர்வீசுல பாத்ததில்ல. ஒரே வீட்ல பிரிஞ்சி போன அண்ணன் தம்பிக்குக்கூட இவ்ளோ வராது. ஒரு வயசான அம்மா. மாதிரியைக் கேட்டாங்க. அப்புறம், எடுத்துக்கோங்கன்னுட்டாங்க. எதுவும் வேணாமாம்."

"எந்த ஊரு?"

"பேரு சொல்லக் கூடாது சார், சட்டம். போளூர் பக்கம். மாவு மில் வெச்சிருக்காங்க."

நான் தொடர்பைத் துண்டித்தேன்.

என் அப்பாவுக்குப் போளூரில் இன்னொரு வீடு இருந்தது. அந்த வீட்டுக்காரிக்கு அவர் ஒரு மாவு மில் வைத்துக் கொடுத்தார். அவர்களுக்கு ஒரு மகள். அப்பா இறந்தபோது எங்கள் வாசல்வரை வந்தார்கள். வாசலோடு போனார்கள். இதற்கு மேல் அவர்களைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு கிடையாது. அந்தப் பேச்சற்ற வீட்டோடு எங்கள் பேச்சு தொண்ணூற்று மூன்று விழுக்காடு பொருந்துகிறது என்று ஒரு பஜ்ஜி தின்னி சொல்கிறான்.

*

"வேணாம்" என்றேன் வீட்டில்.

"அப்ப பூவாடைக்காரி?" என்றாள் மிதுனா.

"வேற ஏற்பாடு பண்ணலாம்."

"வேற என்ன தாத்தா ஏற்பாடு? எங்க மாமனார்கிட்ட நீங்கதானே சொன்னீங்க, கலசம் வராம இந்த வீட்ல தாலி ஏறாதுன்னு. அவர் எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறார். இப்ப போய், டிஸ்க் செத்துடுச்சு, எங்க வீட்ல பொம்பளைங்க செத்தா செத்ததுதான்னு சொல்லட்டுமா?"

எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வாய் நீளம். அது குறை என்று நான் எப்போதும் நினைத்ததில்லை, என் பக்கம் திரும்பாத வரையில்.

"சரி" என்றேன். "டிஸ்க் வரலாம். ஆள் வரக் கூடாது."

திலீபன் வாயைத் திறந்தான். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

கடையில் மருமகளும் பேத்தியும் காதில் மாட்டிக்கொண்டு திரையின் முன் உட்கார்ந்தார்கள். தயாளனுக்கு ஒலி இல்லை, வண்ணம் மட்டும் தெரியும்படி வைக்கச் சொன்னேன். நான் திரைக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்து நின்றேன்.

"வெள்ளையா வர்றது உங்க டிஸ்க்குல பொழச்சது, சார். நீலமா வர்றது புது டிஸ்க் ரொப்பறது" என்றான் முதுகுக்குப் பின்னால். "நீலத்தை மட்டும் வீட்டு ஆளு சரின்னோ தப்புன்னோ சொல்லணும். சொன்னாத்தான் ஒட்டும்."

"எல்லாம் சரின்னு சொல்லிட்டுப் போறாங்க."

"தெரியாம சரின்னு சொல்லிடாதீங்க. மொத நாள் பொய்யில நின்னுச்சுன்னா அப்புறம் ஆயுசுக்கும் பொய்யத்தான் ரொப்பும்."

வேலை சுமுகமாக நடந்தது. சாருலதா தன் கல்யாணத்தில் கேட்ட நினைவை வைத்து ஒவ்வொன்றாகச் சரி சொல்லிக்கொண்டு வந்தாள். பிறகு நின்றுவிட்டாள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும்."

"பாட்டை என் காதுல போடாதே."

"பாட்டு இல்ல மாமா, கேள்விதான்."

கேள்விக்குப் பதில் சொல்வது முறைக்கு விரோதமல்ல. "கேள்" என்றேன்.

"அபூர்வம்னு ஒருத்தங்க பேர் வருது. 'பின்னால வந்தவளே, பின்னாலயே நின்னவளே'ன்னு. யாரு மாமா இது?"

போளூர்க்காரியின் பெயர். எதிர்பார்த்ததுதான். அந்த வீட்டு டிஸ்க்கை உள்ளே விட்டால் அந்த வீட்டுப் பெயர் எங்கள் கிணற்றடிக்கு வரும். நீதிமன்றத்தில் இதற்கு ஆக்கிரமிப்பு என்று பெயர்.

"நீலம் அது. தப்புன்னு போடு" என்றேன்.

"நீலம் இல்ல மாமா. வெள்ளை."

தயாளன் பேசினான். "வெள்ளைன்னா உங்க அக்கா உங்க வீட்டு லேப்டாப்ல பாடினதுதான், சார். அதுல என் கை ஒண்ணும் இல்ல."

தெருவில் ஒருவன் தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டு போனான். அவன் முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீலம் அதுக்கு முன்னாடிதான் தாத்தா இருக்கு" என்றாள் மிதுனா. அவள் குரல் இறங்கியிருந்தது. "கொள்ளுப்பாட்டி பேரு தில்லைநாயகிதானே? அந்த எடம் நம்ம டிஸ்க்குல சுத்தமா போயிடுச்சாம். பேரும் குணமும் எல்லாமே அந்த டிஸ்க்குதான் சொல்லுது."

"என் அம்மா பேரையா?"

"ஆமா. 'பெத்தது ரெண்டு, பசியாத்துனது மூணு, மல்லாட்டை வறுத்து மடி நெறயக் குடுத்தவளே'ன்னு. இது சரியா தாத்தா? அம்மாவுக்கு இந்த வரி ஞாபகமில்ல, அவங்க கொள்ளுப்பாட்டியைப் பாத்ததும் இல்ல. நீங்கதான் சொல்லணும்."

மல்லாட்டை என்கிற வேர்க்கடலை இருக்கட்டும். என் அம்மாவுக்கு நாங்கள் இரண்டு பேர். அக்கா, நான். மூன்றாவது யார்?

"தப்புன்னா?" என்று தயாளனைக் கேட்டேன்.

"அழிச்சிடும். உங்க அம்மா எடம் காலியா போவும். அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

தப்பு என்றால் என் அம்மா கல்யாணத்துக்கு வர மாட்டாள். சரி என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. பெற்ற மகனுக்குத் தெரியாதது ஒரு மாவு மில்லுக்குத் தெரிந்திருந்தது.

"அப்படியே நிறுத்தி வை" என்றேன். "நான் சாட்சியை விசாரிக்கணும்."

*

போளூருக்கு நான் உறவாடப் போகவில்லை. விசாரிக்கப் போனேன். இதை யார் எப்படித் திரித்துச் சொன்னாலும் உண்மை இதுதான்.

மில் சின்னது. அபூர்வத்தின் மகள் எழிலரசி இயந்திரத்தின் பக்கத்தில் நின்றிருந்தாள். புருவமெல்லாம் மாவு. என்னைப் பார்த்தாள், அடையாளம் கண்டாள், ஆனாலும் அரைத்துக்கொண்டிருந்த கேழ்வரகை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் இயந்திரத்தை நிறுத்தினாள். அதுவரை நான் நின்றேன்.

"வாங்க, வக்கீல் சார்."

"ஒரு கேள்வி கேக்கணும். உண்மையை மட்டும் சொல்லணும்."

"சத்தியம் பண்ணணுமா? கீதை இல்ல, கேவுரு மாவுதான் கீது. அதுமேல கைய வெக்கட்டா?"

இந்த வாயை எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று தெரிந்தபோது எரிச்சல் கூடியது. என் அக்காவின் வாய்.

"என் அம்மா உனக்குச் சோறு போட்டாங்களா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எங்கம்மா ஆஸ்பத்திரில படுத்துகினு இருந்தாங்க. பொழைக்க மாட்டாங்கன்னுட்டாங்க. அப்பா என்னைக் கூட்டிகினு வந்து உங்க வீட்டு வாசல்ல நின்னாரு. உள்ள வர பயம். பெரியம்மா வந்து பாத்தாங்க. 'ஆம்பள அங்கயே நிக்கட்டும், கொழந்தை உள்ள வரட்டும்'னாங்க. எங்கம்மா எழுந்து நடக்கற வரைக்கும் நான் அங்கதான் இருந்தேன். அப்புறமும் பரீட்சை லீவுக்கெல்லாம் வருவேன்."

"நான் உன்னை அந்த வீட்ல பாத்ததே இல்லையே."

"எப்படிப் பாப்பீங்க? நீங்க ஆஸ்டல்ல இருந்தீங்க. நீங்க வர்றீங்கன்னு கடுதாசி வந்தா, பெரியம்மா மல்லாட்டைய வறுத்து மடில கட்டி என்னை பஸ் ஏத்திடுவாங்க. 'எம் புள்ளைக்கு முதுகெலும்பு கொஞ்சம் வெறப்பு, இதப் பாத்தா ஒடிஞ்சிடும்'னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. வெளிய நின்ன அப்பாவ உள்ள விட்டாங்களான்னு கேளுங்க. அவர மூணு மாசம் பேசவே விடல."

சாட்சியை நம்புவதற்கு முன் துணைச்சான்று தேட வேண்டும். நான் தேடினேன்; அது என் மூக்கிலேயே இருந்தது. விடுதியிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் வீடு முழுக்க வறுத்த மல்லாட்டை வாசனை இருக்கும். எங்கே என்று கேட்டால், "தீந்துபோச்சுடா" என்பாள் அம்மா. ஒவ்வொரு தடவையும். எனக்காக ஒரு கைப்பிடிகூட மிச்சம் வைக்காதவள் என்று அந்த வயதில் கோபப்பட்டிருக்கிறேன்.

சான்று பொருந்தியது. சாட்சி உண்மை பேசுகிறாள்.

"பாட்டு உங்க வீட்ல எப்படி வந்தது?"

"வேணியக்கா மாசத்துக்கு ஒருக்கா வருவாங்க. இந்தக் கல்லு மேலதான் உக்காருவாங்க. எம் பொண்ணு கல்யாணத்துக்கு அவங்கதான் கெணத்தடில நின்னு பாடினாங்க. பெரியம்மாவ மொதல்ல கூப்பிட்டுத்தான் எங்கம்மாவக் கூப்பிடுவாங்க."

"எங்க வீட்லயும் உங்கம்மாவைக் கூப்பிட்டிருக்கா. அதுக்கு யாரு பதில் சொன்னது? உன் பக்கத்துப் பொம்பளை யாரும் எங்க வீட்டு வாசப்படி தாண்டினதில்ல."

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"திலீபன் கல்யாணத்துல நாந்தான் சொன்னேன். சமையல்காரங்களோட வந்து, கெணத்தாண்ட நின்னு, பூவப் போட்டுட்டு, பாத்திரத்தத் தூக்கிகினு போயிட்டேன். நீங்க ரொம்பத் தள்ளி இல்ல. முதுகத்தான் காட்டிகினு நின்னீங்க. தவிலு வேற."

மூதாதையர் சும்மாவா முறைகளை வைத்தார்கள் என்று நான் பலருக்கும் சொல்லியிருக்கிறேன். இந்த முறையை வைத்தவள் ஒரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

"உன் வீட்டு டிஸ்க்கை எதுக்குக் கொடுத்த?"

"மாதிரின்னு ஒண்ணு போட்டாங்க. அக்கா கொரலு. 'டேய் தேசிங்கு'ன்னுச்சு, அப்புறம் ஓட்டை. அக்கா திட்றத பாதில நிறுத்தி நான் கேட்டதே இல்ல. மனசு தாங்கல." இயந்திரத்தின் மேல் படிந்த மாவை விரலால் வழித்தாள். "இப்ப எங்க வீட்டுப் பெட்டி, என் பேத்தியப் பாத்து யாருன்னு கேக்குது. பழகிடும். எங்கம்மாவக் கூப்பிடற பாட்டு மட்டும் இனிமே உங்க வீட்லதான் கீது. அழிக்கறதும் வெச்சிக்கறதும் உங்க இஷ்டம், வக்கீல் சார்."

காபி கொடுத்தாள். சர்க்கரை வாய்க்குள் ஒட்டுமளவு இருந்தது. டம்ளரிலும் மாவு. அப்படிப்பட்ட காபியை நான் எந்த வீட்டிலும் தொடமாட்டேன். அதை முடித்துவிட்டு எழுந்தேன்.

அவளை நான் கல்யாணத்துக்கு அழைக்கவில்லை. டிஸ்க் வரலாம், ஆள் வரக் கூடாது என்று சொன்னவன், சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கமில்லை. பையிலிருந்த கல்யாணப் பத்திரிகை ஒன்றை மேசையில் மறந்து வைத்துவிட்டேன், அவ்வளவுதான். இந்த வயதில் மறதி இயல்பு. அது மஞ்சள் தடவியதாக இருந்ததும், வெற்றிலை பாக்கோடு இருந்ததும் தற்செயல்.

திரும்பும் வழியில் தயாளனை அழைத்தேன்.

"நீலம் சரி" என்றேன்.

"வெள்ளைல ஒரு பேரு சொன்னீங்களே சார். அத வேணும்னா எடுத்துடலாம். ஒரு நொடி வேலை."

"உன்னை யாராவது கேட்டாங்களா? கையைக் கழுவிட்டு மாட்டு."

*

கல்யாணத்தன்று காலையில் கிணற்றடியில் லேப்டாப்பை மணையில் வைத்திருந்தார்கள். சம்பந்தி குலசேகர், எங்கள் கூட்டத்தோடு சேர்ந்து முதுகைக் காட்டி நின்றார். கற்றுக்கொள்ளட்டும். தவில் முழங்கியது.

தவில்காரர் வயதானவர். கை வலிக்குமே என்று, பாட்டின் நடுவில், சற்று நிறுத்திக்கொள்ளும்படி கை காட்டினேன்.

அக்காவின் குரல் கேட்டது. ஓட்டை இல்லை. என் அம்மாவின் பெயரை அழைத்தது. பெற்றது இரண்டு, பசியாற்றியது மூன்று என்றது. பிறகு அமைதி.

அந்த இடத்தில் யார் பதில் சொல்வது என்று நான் நினைத்தே பார்த்திருக்கவில்லை. அம்மா பெற்ற பெண் அக்கா ஒருத்திதான், அவளுக்கும் பெண் இல்லை. அவளே இப்போது அழைக்கிறவள். நான் ஆண். மிதுனா கலசம் ஏந்தியிருக்கிறாள். கல்யாணப் பெண் பூப் போடக் கூடாது. கலசம் கிணற்றடியிலேயே நின்றது. சம்பந்தி தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலை நான் மறக்க மாட்டேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், மாவு மில் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசித் தடித்துப்போன குரல், "வந்துட்டா" என்றது.

அக்கா அடுத்தவளை அழைத்தாள். பின்னால் வந்தவளே, பின்னாலேயே நின்றவளே.

"வந்துட்டா" என்றது அதே குரல். இந்த முறை கொஞ்சம் உடைந்திருந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் ஆண்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. நிற்பதற்குச் சற்று வசதியாக, அவள் பூப் போட வழி கிடைக்கும்படி, ஓரடி தள்ளி நின்றேன்.

கல்யாணம் முடிந்து படங்களை லேப்டாப்பில் ஏற்றினார்கள். எல்லோர் பெயரையும் சரியாக எழுதியது. அக்காவின் பழைய படத்துக்குக் கீழே "கமலவேணி" என்று வந்தது. கிணற்றடிப் படம் ஒன்றில், கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி வேட்டியும் துண்டுமாக ஒருவன் நிற்கிறான். அவனுக்குக் கீழே தேசிங்கு என்று இல்லை, அப்பா என்று இல்லை, தாத்தா என்றும் இல்லை.

"பழைய வீட்டு வாடை போகலப்பா" என்று திலீபன் சங்கடத்தோடு சிரித்தான். "அவங்க வீட்ல உங்களை அப்படித்தான் சொல்லியிருப்பாங்க போல. மாத்திடட்டுமா?"

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். "அண்ணன்" என்று இருந்தது. முகத்துக்கு நேரே வக்கீல் சார், முதுகுக்குப் பின்னால் இது. அந்த வீட்டாருக்கு எதிலும் ஒரு நேர்மை கிடையாது.

"வேண்டாம்" என்றேன். "இப்பத்தான் ஒட்டியிருக்கு. நோண்டிக் கெடுக்காதே."